மேலே ஏறும் ஆறு

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. உபேர் ரொபேர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1787ஆம் ஆண்டில் தீட்டியது. தெற்குப் பிரான்சில் கார்டோன் ஆற்றுக்குக் குறுக்கே ரோமானியர் எழுப்பிய ‘போன் டு கார்’ என்னும் பழைய நீர்ப்பாலமும் அதன் சுற்றுப்புறமுமே ஓவியத்தின் பொருள். பதினாறாம் லூயி மன்னரின் ஃபோன்டென்புளோ அரண்மனைக்காக, பிரான்சில் எஞ்சியிருந்த பழம்பெரும் கட்டடங்களை அவர் நான்கு படங்களாக வரைந்தார். அந்த நான்கில் இது ஒன்று. இளமையில் பதினோரு ஆண்டுகள் ரோமாபுரியில் தங்கி, இடிந்த கோயில்களையும் தூண்களையும் வரைந்து கைபழகியவர் அவர். ‘இடிபாடுகளின் ரொபேர்’ என்றே ஊரார் அவரை அழைத்தார்கள்.

படத்தைப் பார்ப்பவர் கண் முதலில் பாலத்தில்தான் விழும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வளைவுகள். சாயும் வெயில் கல்லுக்குப் பொன்னிறம் பூசியிருக்கிறது. வளைவுகளின் இடைவெளியில் வானம் தெரிகிறது. காலடியில் ஆறு. ஆற்றோரத்தில் மனிதர்கள், இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குச் சிறிய உருவங்கள். மன்னர் வீட்டுச் சுவருக்கு வரைந்த படத்தில் மனிதனை இவ்வளவு சிறியவனாக வரைய ஓர் ஓவியனுக்கு மனம் வந்ததே, அதற்காகவே அவரை வணங்கலாம்.

கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ரொபேர் அந்தப் பாலத்தை வரைந்தபோது அதன் உச்சிக் கால்வாயில் தண்ணீர் ஓடி நின்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பேரரசு ஒன்று கட்டிய நீர்வழி வறண்டு கிடக்க, அதற்குக் கீழே யாரும் கட்டாத கார்டோன் ஆறு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதன் செய்த நீர்வழியும் படைத்தவன் செய்த நீர்வழியும் ஒரே சட்டத்துக்குள் மேலும் கீழுமாக அமைந்துவிட்டன.

கொத்தனாரின் வாட்டம்

மனிதன் செய்ததைக் குறைத்துப் பேசுவதற்கு இல்லை. முதலில் அதை முழுதாக மெச்ச வேண்டும்.

யுசெஸ் என்ற ஊரின் ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர்தான். குன்றுகளைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் பாதை நீண்டது. நடுவில் கார்டோன் பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. அதைத் தாண்டத்தான் 49 மீட்டர் உயரத்தில் அந்தப் பாலம். கீழ் அடுக்கில் ஆறு வளைவுகள், நடு அடுக்கில் பதினொன்று, உச்சியில் சிறு வளைவுகளின் வரிசை. கீழ் அடுக்குகளில் ஆறு டன் வரை எடையுள்ள கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள்.

தண்ணீர் ஓடுவதற்கு வேண்டியது வாட்டம் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். வாட்டம் கூடினால் நீர் பாய்ந்து கால்வாயை அரிக்கும். குறைந்தால் தேங்கிப் பாசி பிடிக்கும். அந்த 50 கிலோமீட்டருக்கும் ரோமானியருக்குக் கிடைத்த மொத்த இறக்கம் 12 மீட்டரும் சொச்சமும்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். நிலமட்டம் பார்க்கும் நவீனக் கருவி எதுவும் இல்லாமல், மரச்சட்டத்தையும் தூக்குநூலையும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்தார்கள்.

இந்தக் கலை ரோமாபுரிக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற அரசன் கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்கு வெட்டிய ஜய கங்கை 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் பகுதியில் வாட்டம் கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே. நம் பாட்டன் பூட்டன் பிறந்த தமிழ்நாட்டிலும் ஒரு நீர்ப்பாலம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பறளியாற்றுக்கு மேலே, 28 தூண்களில், 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராசரின் முயற்சியால் எழுந்து 1966ல் பயன்பாட்டுக்கு வந்தது. நாம் வாழும் மலேசியாவில், பகாங்கின் செமந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டுவரத் தித்திவங்சா மலைத்தொடரையே குடைந்து 44.6 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். நீமின் கால்வாய்க்கும் இதற்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

இவை அத்தனைக்கும் பொதுவான விதி ஒன்றுதான். தண்ணீர் தானாக மேலிருந்து கீழே வரும். பொறியாளர் அதற்குப் பாதை காட்டுகிறார். கீழேயிருந்து மேலே அனுப்ப வேண்டுமானால் கையோ, மாடோ, இயந்திரமோ உழைத்தாக வேண்டும்.

படைத்தவன் வைத்திருக்கும் இன்னொரு கால்வாயோ மேல்நோக்கி ஓடுகிறது. அது நம் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் காலடிக்கு ஒன்றாக நிற்கிறது.

நம் ஊர் நிலக்காட்சி

ரொபேரைப் போல ஓர் ஓவியர் சிரம்பானுக்கு வந்து தூரிகை எடுத்தால் எதை வரைவார்? தாய்லாந்து எல்லையிலிருந்து இறங்கிவரும் தித்திவங்சா மலைத்தொடர் தன் தென்கோடியில் தாழ்ந்து அடங்குவது இந்த மாநிலத்தில்தான். வடக்கே ஜெலெபு மலைகள். நடுவே 825 மீட்டர் உயர அங்சி மலை. மேற்கே ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சன் கடற்கரை வரை தாழ்ந்து போகும் தோட்டக்காடு. கிழக்கே குவாலா பிலாவின் வயல்களைத் தாண்டினால் பகாவ், ரொம்பின், கெமாஸ் வரை நிரை நிரையாக ரப்பரும் செம்பனையும்.

மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்குகளில் மூங்கிலால் நீர்ச்சக்கரம் கட்டி ஆற்றோரம் நிறுத்தியிருந்தார்கள். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தில் கட்டிய மூங்கில் குழல்கள் தண்ணீரை மொண்டு மேலே கொண்டுபோய் ஓடையில் ஊற்றும். ஓடை வயலுக்குப் பாயும். வளைவுகள் இல்லாத நீர்ப்பாலம் அது.

பகாவுக்கு அருகே ஜெம்போல் வட்டாரத்தில் இன்னும் வியப்பான ஓர் இடம் உண்டு. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பக்கத்திலேயே ஓடும் செர்த்திங் ஆறு பகாங் ஆற்றைச் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் சில நூறு மீட்டர் நிலமே இருக்கிறது. பழங்காலத்து வணிகர்கள் அங்கே படகைக் கரையேற்றி, தரைமேல் இழுத்துச் சென்று, மறு ஆற்றில் இறக்கினார்கள். அந்த ‘பெனாரிக்கான்’ வழி 1613ல் எரெடியா வரைந்த நிலப்படத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மேட்டில் ஒரே மேகத்திலிருந்து அருகருகே விழும் இரண்டு துளிகளில் ஒன்று மேற்குக் கடலுக்கும் மற்றது கிழக்குக் கடலுக்கும் போகக்கூடும். எந்தத் துளி எங்கே போக வேண்டும் என்று நிலத்தில் கோடு போட்டு வைத்தவன் யார்? அளவுநூல் பிடித்தவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வேலை மட்டும் பிசகாமல் நடக்கிறது.

அங்சி மலையில் ஒரு மழை

சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகும் சாலையில், அங்சி மலையடிவாரத்தில் உலு பெண்டுல் காடு இருக்கிறது. மழை நேரத்தில் அங்கே போயிருப்பவர்களுக்குத் தெரியும். வானத்தில் மழை தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் தரையில் தூறல் விழும். மழை விட்ட பிறகும் காட்டுக்குள் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

காரணம், ஒவ்வொரு துளியும் பல கை மாறித்தான் மண்ணுக்கு வருகிறது. உச்சி மரத்தின் இலை முதலில் ஏந்துகிறது. மழைக்காட்டு இலைகள் பலவற்றுக்கு நுனி கூர்மையாக நீண்டிருக்கும். இலையின் நடுநரம்பு வழியே வழிந்து வரும் நீர் அந்தக் கூர்நுனியில் திரண்டு, கனத்து, ஒரு கணம் தொங்கி, அடுத்த இலையில் விழுகிறது. இலைமேல் ஈரம் தேங்காமல் வடிந்துவிட அந்த நுனி உதவுகிறது. இரண்டாம் இலையிலிருந்து மூன்றாம் இலைக்கு, அங்கிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து அடிமரத்துக்கு, அடிமரத்தைத் தழுவி வேருக்கு. அம்பாய் இறங்கிய மழை, தரையைத் தொடும்போது குழந்தையை இறக்கி விடுவதுபோல் மெல்ல இறங்குகிறது.

கீழே சருகு மெத்தை. அதற்கடியில் வேரும் புழுவும் கறையானும் துளைத்து வைத்த மண். விழுந்த நீரின் பெரும்பகுதி அங்கே உள்ளிறங்கிவிடும். மெதுவாகக் கசிந்து, பாறையிடுக்கில் ஊற்றாகி, ஓடையாகி, மலைக்குக் கிழக்கே இறங்கினால் தெராச்சி ஆறாக மூவாரைச் சேரும். மேற்கே இறங்கினால் லிங்கியைச் சேரும். மழை பெய்யாத நாளிலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதென்றால், பெய்த நாளில் மலை சேமித்து வைத்ததைத்தான் இன்று செலவழிக்கிறது. நீம் நகரத்துக் கால்வாய்க்கும் ஓர் ஊற்று வேண்டியிருந்தது. அந்த ஊற்றை ரோமானியர் செய்யவில்லை, கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான்.

பத்து மீட்டருக்கு மேல் யார் இழுப்பது?

இனி அந்த மேல்நோக்கிய கால்வாய்க்கு வருவோம்.

கிணற்றுக்கு மேலே குழாய்ப்பம்பு வைத்து உறிஞ்சினால், எவ்வளவு நல்ல பம்பானாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீர் ஏறாது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கிணற்றுத் தொழிலாளர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1643ல் காரணம் சொன்னார். நீரை மேலே தள்ளுவது பம்பு இல்லை, வெளியே உள்ள காற்றின் அழுத்தம். அதன் பலம் பத்து மீட்டரோடு தீர்ந்துபோகிறது.

நம் காட்டில் துவாலாங் மரத்தைப் பாருங்கள். எண்பது மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். மலைத்தேனீ அதன் கிளையில் கூடு கட்டும். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தை அளந்தபோது 100 மீட்டரைத் தாண்டியது. போன் டு கார் பாலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, இரைச்சல் இல்லை.

1894ல் டப்ளின் நகரத்தில் டிக்சன், ஜாலி என்ற இருவர் இந்தப் புதிருக்கு விடை சொன்னார்கள். இலையின் அடிப்பக்கத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. காலை வெயில் பட்டதும் அவை திறக்கின்றன. இலைக்குள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. போன ஒவ்வொரு துகளும் தனக்குப் பின்னால் நிற்கும் துகளை இழுக்கிறது. அது தன் பின்னால் நிற்பதை இழுக்கிறது. நீர்த்துகளுக்கு ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. அந்தப் பிடி இலையிலிருந்து நரம்புக்கும், நரம்பிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து வேர்நுனிக்கும் அறுபடாமல் தொடர்கிறது. உச்சியில் சூரியன் இழுக்க, அடியில் மண்ணின் ஈரம் ஏறுகிறது. மரத்துக்குள் இருக்கும் நீர்க்குழாய்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ அகலமுள்ளவை. இன்னும் மெல்லியவையும் உண்டு. இவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் நீர்த்தொடர் அறாமல் நிற்கிறது.

வேர் எடுக்கும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போகிறது. மரம் தனக்கென வைத்துக்கொள்வது சொற்பம். மீதியை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வாங்கியதில் இவ்வளவு பங்கைத் திருப்பித் தருகிற கணக்குப்பிள்ளையை மனிதர்களிடையே தேடினாலும் கிடைக்க மாட்டார்.

விடிவதற்கு முன் ஏன் வெட்டுகிறோம்?

இந்த அதிசயத்தை அறிவியல் நூல் படிக்காமலே தினமும் கையால் தொட்டவர்கள் நம் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள்.

கருக்கலில் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் அவரவர் நிரைக்குப் போவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் உளி, தோளில் வாளி. முதல் மரத்தில் முந்திய வெட்டின் ஒட்டுப்பால் நாடாவாக உறைந்திருக்கும். அதை உரித்துச் சாக்கில் போட வேண்டும். மங்கு என்ற பால்கிண்ணத்தைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு உளியை வெட்டுக்கோட்டின் இடப்பக்க மேல்முனையில் பதித்து, வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்வாக இழுக்க வேண்டும். பட்டையின் மெல்லிய சீவல் சுருண்டு விழும். ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் தெரியாது. அப்புறம் வெட்டுக்கோடு நெடுக வெள்ளைப் புள்ளிகள் அரும்பும். புள்ளிகள் கூடும், கோடாகும், சாய்வில் இறங்கித் தகரத் துண்டின் வழியே மங்கில் சொட்டும். இது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

மகளுக்குத் தொழில் பழக்கும் தாய், ‘ஆழமா இழுக்காதம்மா, மரத்துக்குக் காயம் பட்டுடும்’ என்பார். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், வளர்திசுவுக்கு மிக அருகில் நெருங்கி இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் தவறினால் மரம் முடிச்சு விடும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்கான பட்டை வராது. இடமிருந்து வலமாகச் சாய்த்து வெட்டுவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக நிற்காமல் சற்றே எதிர்ப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். மரத்தைச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி செம்மைப்படுத்தினார்.

சரி, ஏன் விடிவதற்கு முன்? இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன. வேர் நீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது, செலவு இல்லை. மரம் நிறைகிறது. விடியற்காலையில் பால்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் பத்து வளிமண்டல அளவையும் எட்டும். அது கடலுக்கடியில் சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் நம்மேல் அழுத்தும் நீரின் பாரம். அந்த நேரத்தில் உளி பட்டால் பால் தாராளமாக வருகிறது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழுக்கத் தொடங்கும், அழுத்தம் தளரும், பால் குறையும். பகலில் அடிமரத்தின் சுற்றளவே மயிரிழை அளவு சுருங்குவதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். நம் மக்களின் தூக்கத்தை நூறாண்டுக்கு மேலாகக் கலைத்தது துரையின் உத்தரவு என்று நினைக்கிறோம். துரைக்கும் உத்தரவு போட்டது இலையின் அடியில் இருந்த அந்த நுண்துளை.

பாலிலும் பாதிக்கு மேல் தண்ணீரே. மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். அப்படியானால் லாபுவிலும் சுவா பெத்தோங்கிலும் சிலியாவிலும் நம் தாத்தா பாட்டிகள் காலமெல்லாம் சுமந்தது, மேகத்திலிருந்து இறங்கி, மண்ணில் நுழைந்து, மரத்தில் ஏறி, வெண்மையாக வெளிப்பட்ட மழையைத்தான்.

இந்த மரமும் நம்மைப்போலக் கப்பலேறி வந்ததே. 1876ல் விக்கம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வேறு மண்ணில் வேர்விட்டுப் பிழைத்த மரத்தையும், வேறு மண்ணில் வேர்விட்டுப் பிழைத்த மனிதரையும் ஒரே நிரையில் நிறுத்தி வைத்த திருவிளையாடலை என்னவென்பது!

வானத்தில் ஓடும் ஆறு

மரம் வானத்துக்குத் திருப்பிய நீர் எங்கே போகிறது? அதற்கும் விடை நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

சிம்பாங் பெர்த்தாங்குக்கு அருகே பாசோ காடு இருக்கிறது. சுற்றிலும் செம்பனை சூழ்ந்திருக்க, நடுவில் தப்பிப் பிழைத்த தொன்மையான தாழ்நில மழைக்காடு. 1980களில் மலேசிய வன ஆய்வு நிலையமும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து அங்கே 50 ஹெக்டேர் நிலத்தில் சுண்டுவிரல் பருமனுள்ள செடி வரை ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டிக் கணக்கெடுத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு பெரிய தோட்டத்தின் மூலைக்குள் அடங்கிவிடும் இடத்தில் இத்தனை வகை! மரங்களுக்கு மேலே கோபுரம் எழுப்பிக் காற்றில் ஏறும் ஈரத்தையும் அளந்தார்கள். அங்கே பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைக் காடு ஆவியாக வானத்துக்கே அனுப்புகிறது என்று தெரிந்தது. அந்த ஆவி குளிர்ந்து மேகமாகிறது, மேகம் காற்றோடு நகர்கிறது, இன்னோர் ஊரில் மழையாக இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பெய்வதில்லை. ஜெலெபு வட்டாரம் மலேசியாவில் மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. மலைகள் சூழ்ந்திருப்பதால் இருபுறத்துப் பருவக்காற்றும் ஈரத்தை வெளியிலேயே இறக்கிவிட்டு வருகிறது. அந்த ஜெலெபுவிலும் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. கருணை குறைந்த இடத்திலேயே இவ்வளவு!

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். நம் முன்னோர் தோட்டத்துக்கு வந்து லயம் கட்டிக் குடியேறியதும் முதலில் எழுப்பியது மாரியம்மன் கோயில். பெரும்பாலும் ஒரு மரத்தடியில். படிப்பறிந்தவர் நூலில் வைத்த வரிசையும், படிக்காதவர் மண்ணில் வைத்த வரிசையும் ஒத்துப்போகின்றன.

சுண்ணாம்பு படிந்த கால்வாய்

நீம் நகரத்துக் கால்வாய் ஏன் நின்றது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். யுசெஸ் ஊற்றுநீரில் சுண்ணாம்பு அதிகம். ஓட ஓட அது கால்வாயின் சுவரில் படிந்தது. ஆட்சி பலமாக இருந்தவரை ஆட்கள் இறங்கிச் சுரண்டினார்கள். 4ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பராமரிப்பு தளர்ந்தது. படிவு சாண்கணக்கில் தடித்து வழியைக் குறுக்கியது. கடைசியில் நகரத்துக்குத் தண்ணீர் வராமலே போயிற்று. உலகம் வியந்த கட்டடம் தூர்வார ஆளில்லாமல் அடைத்துக்கொண்டது.

மரத்தின் குழாயும் அடைபடும். வறட்சியில் நீர்த்தொடர் அறுந்து குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தக் குழாய் பயனற்றுப்போகும். ஆனால் மரம் யாரையும் கூப்பிடுவதில்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசு புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய குழாய்கள் வைரம் பாய்ந்து மரத்தைத் தாங்கும் தூணாகின்றன. தண்ணீர் சுமந்து ஓய்ந்த குழாயே பிறகு பாரம் சுமக்கிறது. பால்குழாயின் வெட்டுவாயும் அப்படியே. சில மணி நேரம் பால் வடிந்ததும் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் உடைந்து உறைந்து வாயை மூடுகின்றன. காயத்துக்கு மருந்தும் காயத்துக்குள்ளேயே இருக்கிறது. ரப்பர்மரம் ஆண்டுதோறும் தை, மாசி வறட்சியில் மொத்த இலையையும் உதிர்த்து, சில வாரங்களில் செந்தளிர் விட்டு, தன் ஆயிரக்கணக்கான இழுவைக் கருவிகளைப் புதிதாக மாட்டிக்கொள்கிறது. தானே கட்டி, தானே பழுதுபார்த்து, தானே புதுப்பித்துக்கொள்ளும் நீர்ப்பாலத்தை எந்தப் பேரரசும் இதுவரை கட்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்று ரப்பர் குறைந்துவிட்டது. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பெருகிவிட்டன. லயத்து மக்களில் பெரும்பாலோர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு மலைக்காடு சேமித்து அனுப்பியது என்ற நினைப்பு மட்டும் நம்மிடமிருந்து வடிந்துகொண்டிருக்கிறது. மலைச்சரிவில் காடு அழிந்தால் மழை உள்ளிறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அன்றைக்கு வெள்ளம், அடுத்த மாதம் தட்டுப்பாடு. இரண்டையும் நாம் பார்த்தாயிற்று.

அதிசயத்தைக் கண்டு வியப்பது வழிபாட்டில் பாதி. அதைக் கெடுக்காமல் காப்பது மறுபாதி. உங்கள் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் உலு பெண்டுலுக்கு அழைத்துப்போங்கள். ஒரு பெரிய மரத்தின் அடியில் நிறுத்தி, இதற்குள் இப்போது தண்ணீர் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். தாத்தா எதற்காக இருட்டில் எழுந்து வேலைக்குப் போனார் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். கோயிலைப் புதுப்பிக்கும்போது கொட்டகைக்கு இடைஞ்சல் என்று தலவிருட்சத்தை வெட்டாதீர்கள். ஆற்றங்கரையில் குப்பை கொட்டுகிறவரைத் தட்டிக் கேளுங்கள். நீர்ப்பிடிப்பு மலைகளில் மரம் வெட்ட அனுமதி கேட்கிறார்கள் என்று செய்தி வந்தால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நூறு பேர் எழுதினால் நூறு கையெழுத்தும் அங்கே கணக்கில் வரும்.